சாமில்லில் அத்தானுக்கு ரெண்டு விரல் போச்சு, முதலாளி பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்: போடலாமா?

முக்கூடல் தம்பி:

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தான், அதாவது கூடப்பிறந்த அக்கா வீட்டுக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சாமில்லில் பத்து வருஷத்துக்கு மேலாக ரம்பத்தில் நிற்கிறார். வயசு 40. நாள் கூலி 700, சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாகக் கொடுப்பார்கள். மில்லில் மொத்தமே ஏழு பேர், அதில் ரெண்டு பேர் ஒடிசா பையன்கள். 2025 ஆகஸ்டில் ஒரு வேப்பந்தடியை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரோ எந்தக் காலத்திலோ மரத்தில் அடித்த ஆணி உள்ளே புதைந்து கிடந்திருக்கிறது, ரம்பம் அதில் பட்டதும் தடி எகிறி, தள்ளிக்கொண்டிருந்த வலது கை நேரே பல்லில் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போச்சு. ரம்பத்துக்கு மேல் மாட்டுகிற இரும்புக் கூடு ஒன்று அங்கே உண்டு, பெரிய தடி நுழையவில்லை என்று முதலாளியே கழற்றச் சொல்லி அது பல காலமாகச் சுவரில்தான் தொங்குகிறது, அதன்மேல் வேலைக்காரர்கள் சட்டையைப் போடுவார்கள்.

முதலாளியே காரில் தூக்கிப்போட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார், பில் 85,000 ரூபாயையும் அவரே கட்டினார். அதை நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்தால் "வீட்டில் விறகு வெட்டும்போது அரிவாள் பட்டது" என்று எழுதியிருக்கிறது. கூடப் போன கணக்குப்பிள்ளை சொல்லி எழுதவைத்திருக்கிறார். அத்தான் அந்த நேரத்தில் அரை மயக்கம்.

தீபாவளி வரைக்கும் வாரம் 1,000 ரூபாய் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இப்போது முத்திரைத்தாளில் டைப் அடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். "என் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து, 40,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று வாசகம். அக்கா கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக்குப் போட்ட காசைக் கழித்தால் நீங்கள்தான் எனக்குத் தரணும் என்கிறார். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு கிடையாது, ரிஜிஸ்தரில் பேரும் கிடையாது, அதனால் எந்தச் சட்டமும் உன்னைச் சேராது என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார். அத்தான் ஒரு மாதிரி ஒடிந்துபோய்க் கிடக்கிறார், "ஒரே தெருவில் இருக்கிறோம், வந்ததை வாங்கிக்கிடுவோம்" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. கையெழுத்துப் போடலாமா? நிஜமாகவே நமக்கு உரிமை ஒன்றும் இல்லையா? நாள் கடந்துவிட்டதா?

பாளை குமாஸ்தா:

தம்பி, முதலில் ஒரு விஷயம். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் சொன்னது ஒன்றுவிடாமல் தப்பு. தொழிலாளர் வழக்கு பார்க்கிற வக்கீல் ஆபீசில் இருக்கிறேன், இதே வாசகத்தை இதே மாதிரி டைப் அடித்து எத்தனையோ பேர் கொண்டுவந்து பார்த்தாயிற்று.

இ.எஸ்.ஐ. இல்லை என்றால் சட்டமே இல்லை என்பது நம்மூரில் முதலாளிமார் சொல்லும் பழைய கதை. இ.எஸ்.ஐ. பத்துப் பேர் அதற்கு மேல் இருக்கிற இடத்துக்கு. அது இல்லாத இடத்துக்கு 1923-லிருந்தே ஒரு சட்டம் உண்டு, முன்பு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்பார்கள், பிறகு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பேர் மாறியது. மின்சாரத்தில் எந்திரம் ஓடி ஒரு பொருள் தயாராகிற இடம் என்றால் ஏழு பேர் என்ன, ரெண்டு பேர் இருந்தாலும் அது பொருந்தும். தினக்கூலிக்கும் பொருந்தும், தற்காலிக ஆள் என்று தள்ளிவைத்திருந்த விதிவிலக்கை 2000-ல் செய்த திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள். ரிஜிஸ்தரில் பேர் எழுதாதது முதலாளி செய்த தப்பு, அதைக் காட்டி அவரே தப்பித்துக்கொள்ள முடியாது. வேலை பார்த்தாரா இல்லையா என்று தகராறு வந்தால் அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையருக்கு உண்டு.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது, அதனால் பழையது செல்லாது என்று யாராவது குழப்புவார்கள். உங்கள் விபத்து ஆகஸ்டில் நடந்தது, அன்றைக்கே உரிமை பிறந்துவிட்டது, பழைய சட்டக் கணக்குத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 700 ரூபாய் வீதம் 26 நாள் என்றால் மாசம் 18,200. ஆனால் 2020 ஜனவரியிலிருந்து சட்டம் எடுத்துக்கொள்ளும் உச்ச சம்பளம் 15,000, அதற்கு மேல் வாங்கினாலும் 15,000 என்றே வைப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. வயசுக்கு ஒரு பெருக்கு எண் அட்டவணையில் இருக்கிறது, 40 வயசுக்கு 184.17. பெருக்கினால் 16,57,530. இது முழுசாக முடங்கினால் வரும் தொகை. ஒரு கையில் ரெண்டு விரல் போனால் அட்டவணைப்படி 20 சதவீதம், அப்படியானால் 3,31,506 ரூபாய். அவர் 40,000-க்குப் பத்திரம் அடித்திருக்கிறார்.

இதோடு நிற்காது. விபத்து நடந்த நாளிலிருந்தே தொகை பாக்கி என்றுதான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாசத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் வருஷத்துக்கு 12 சதவீதம் தனி வட்டி ஏறும். உங்கள் தொகைக்கு வருஷம் 39,000-க்கு மேல் வட்டி மட்டும். நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அசலில் 50 சதவீதம் வரை அபராதமும் ஆணையர் போடலாம்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கழிப்பேன் என்கிறாரே, அது முடியவே முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்த காசு இழப்பீட்டுக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவைக் கொடுப்பது தனிக் கடமை, 2009 திருத்தத்துக்குப் பிறகு. தீபாவளி வரைக்கும் கொடுத்த வாரக் காசை வேண்டுமானால் அவர் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதை மறைக்காமல் நீங்களே மனுவில் சொல்லிவிடுங்கள்.

"கவனக்குறைவு" என்று எழுதச் சொல்கிறாரே, அதுவும் வீண். இந்தச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லை. வேலையால், வேலை நேரத்தில் பட்ட காயமா என்பது மட்டும்தான் கேள்வி. குடித்திருந்தார், பாதுகாப்புக் கூட்டை வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபித்தால்தான் முதலாளி தப்பிக்கலாம், சாவு அல்லது முழு முடக்கம் என்றால் அந்த வாதமும் எடுபடாது. உங்கள் கேஸில் கூட்டைக் கழற்றச் சொன்னதே அவர்.

கையெழுத்துப் போட்டே விட்டால் கூட உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ரெண்டு தரப்பும் ஒத்துப்போய் ஒரு தொகைக்கு முடிப்பது என்றாலும் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆனாலும் போடாதீர்கள், "வீட்டில் நடந்த விபத்து" என்று அதில் ஒரு வரி நுழைந்துவிட்டால் பிறகு சாட்சிக் கூண்டில் நின்று அதை அவிழ்ப்பது பெரும்பாடு.

கெடு ரெண்டு வருஷம். 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது, அதுவரை உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை.

சுத்தமல்லி சுடலை:

குமாஸ்தா அண்ணாச்சி சொல்வதெல்லாம் புஸ்தகத்தில் சரி. நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. கேஸ் போட்டால் வாய்தா வாய்தா என்று இழுக்கும், அதற்குள் அந்த மனுஷனுக்கு சுத்துப்பட்டு எந்த மில்லிலும் வேலை கிடைக்காது, முதலாளிமார் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் ரெண்டு பேரை வைத்துப் பேசி ஒரு லட்சம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, மில்லிலேயே ஒரு மேஸ்திரி சோலியும் கேட்டால் நாளைக்கு அடுப்பு எரியும். நான் சொல்வது தப்பாகப் பட்டால் விட்டுவிடுங்கள்.

ஆலங்குளம் அரிசி மில்:

சுடலை சொல்வதில் பாதி சரி. நானும் சின்ன முதலாளிதான், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பேச்சுவார்த்தை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 3,31,506 வர வேண்டிய இடத்தில் ஒரு லட்சம் என்று ஆரம்பிப்பது என்ன பேச்சுவார்த்தை வே? கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். முதலாளிக்கும் அது எழுத்தில் தெரியட்டும். பல பேருக்கு இப்படி ஒரு பெருக்கல் கணக்கு இருப்பதே தெரியாது, ஏதோ பரிதாபப்பட்டுக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி, நீர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த மில்லுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது. பேங்க் கடன் வாங்கிய மில் என்றால் தீ விபத்துக்குப் பாலிசி எடுத்திருப்பார், அதே ஏஜெண்ட் இதையும் சேர்த்து எடுத்துக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு, முதலாளிக்கே ஞாபகம் இருக்காது. இருந்தால் பணம் அவர் பையிலிருந்து போகாது, கம்பெனி கட்டும், உங்களோடு சண்டை போட அவருக்குக் காரணமே இல்லை. அபராதம் போட்டால் மட்டும் அது அவர் தலையில், அதைக் கம்பெனி தாங்காது. அதனால்தான் சொல்கிறேன், இழுத்தடிப்பது அவருக்கே நட்டம் என்று யாராவது பைய எடுத்துச் சொல்ல வேண்டும்.

என் மில்லில் எல்லா ஆளுக்கும் பாலிசி போட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு ஆகும் பிரீமியம் ஒரு லாரி தவிட்டுக்கு ஆகும் பேரத்தைவிடக் குறைச்சல். அதைக் கட்டச் சோம்பிவிட்டு அரிவாள் பட்டது என்று கதை எழுதுவது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

விக்கிரமசிங்கபுரம் செல்வி:

தம்பி, உன் அக்காவிடம் இதைக் காட்டு. எங்கள் வீட்டுக்காரர் கொத்தனார். 2022-ல் ஒரு கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு வயசு 35. பதினாறாம் நாள் காரியத்துக்கு காண்டிராக்டர் வந்து, சொந்தக்காரர் நாலு பேர் பார்க்க, மஞ்சள் பையில் ஒன்றரை லட்சம் வைத்துக் கொடுத்து ஒரு வெள்ளைத்தாளில் என்னிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவர் மைப்பெட்டியைத்தான் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பிறகு தம்பி ஒருத்தன் விசாரித்துச் சொன்னான். இறந்தவருக்கான இழப்பீட்டை வீட்டில் வந்து கையில் கொடுத்தால் கொடுத்ததாகவே கணக்கு இல்லையாம், ஆணையரிடம்தான் கட்ட வேண்டுமாம். முன்பணம் என்று மூன்று மாசச் சம்பளம் வரைக்கும் கொடுத்ததை மட்டும் கழிப்பார்களாம். காண்டிராக்டர் கை விரித்தார், வேலையை அவருக்குக் கொடுத்த கட்டடக் கம்பெனியையும் சேர்த்து மனுப் போட்டோம், ஏனென்றால் காண்டிராக்டர் ஆள் என்றாலும் வேலையைக் கொடுத்தவர் பொறுப்பு. 15,000-இல் பாதி 7,500, அவர் வயசுக்கு 197.06, ஆக 14,77,950 என்று தீர்ப்பானது, வட்டி தனி, காரியச் செலவுக்கு 5,000. பிள்ளைகள் பங்கைப் பேங்கில் டெபாசிட் போட வைத்துவிட்டார்கள், பெரியவள் மேஜராகும்வரை எடுக்க முடியாது. கொழுந்தனார் அந்தக் காசைக் கேட்டு ரெண்டு வருஷம் பேசவில்லை, அது வேறு கதை.

சுடலை அண்ணன் சொன்ன மாதிரி ஊரில் பேசத்தான் செய்வார்கள். எனக்கும் பேசினார்கள். புருஷன் செத்த காசில் உட்கார்ந்து தின்கிறாள் என்று சொன்னவர்கள் என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்ட வரவில்லை.

முக்கூடல் தம்பி:

எல்லாரும் இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. செல்வி அக்கா, எங்கள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் அத்தானிடம் போய் "பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது பிரச்சினை அந்த ஆஸ்பத்திரிக் காகிதம். அரிவாள் என்று எழுதியிருப்பதை எப்படி மாற்றுவது? சாட்சிக்கு ஒடிசா பையன் ஒருத்தன் பக்கத்திலேயே நின்றான், தடியின் மறு முனையைப் பிடித்திருந்தது அவன்தான். ஆனால் பயப்படுகிறான், மில்லுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில்தான் தங்கியிருக்கிறான். ஊர்க்காரர் மூன்று பேர் "எங்களை இழுக்காதே மக்கா" என்கிறார்கள். இன்னொன்று, அத்தான் அன்றைக்குக் குடித்திருந்தார் என்று முதலாளி தரப்பில் மெல்லப் பரப்புகிறார்கள். அவர் குடிப்பவர்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வேலை நேரத்தில் கிடையாது, விபத்து நடந்தது காலை பத்து மணி வாக்கில்.

பாளை குமாஸ்தா:

குடித்திருந்தார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் சாராய வாடை இருந்தது என்று குறித்திருந்தால் தவிர வாய்ப்பேச்சு நிற்காது. அதற்காகவும் அந்த கேஸ் ஷீட் முழுசும் வேண்டும், டிஸ்சார்ஜ் காகிதம் மட்டும் போதாது. நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான ஒழுங்கு விதி. அத்தான் பேரில் ஒரு மனு எழுதி, நகலில் சீல் வாங்கி வையுங்கள். எக்ஸ்ரே படமும் முக்கியம். அரிவாள் வெட்டு ஒரே வீச்சில் நேராக இருக்கும், ரம்பம் எலும்பைப் பிய்த்துச் சிதைத்திருக்கும். தையல் போட்ட டாக்டரைக் கூப்பிட்டு "இது எந்த ஆயுதத்தால் பட்ட காயம்" என்று கேட்டால் அவர் பொய் சொல்லப்போவதில்லை, விபரம் சொன்னது யார் என்ற பத்தியில் கணக்குப்பிள்ளை பேர் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் யார் சொல்லி எழுதினார்கள் என்பதுதான் அந்தக் காகிதத்தின் ஓட்டை.

அடுத்தது பாளை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி. அங்கே போய்க் கையைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொல்லி, மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். அந்தச் சான்றிதழில் வரும் சதவீதமும் இழப்பீட்டு அட்டவணைச் சதவீதமும் ஒன்றல்ல, அது கூடக் குறைய வந்தால் பதற வேண்டாம்.

மில்லில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் வீட்டிலேயே கிடக்கும், தேடுங்கள். வாரக் கூலி ஒரு தடவையாவது ஜிபேயில் வந்திருக்குமே? தீபாவளி வரை கொடுத்த 1,000 எப்படி வந்தது? முதலாளி போனில் "நாளைக்கு சீக்கிரம் வா, தேக்குத் தடி வருது" என்று அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் இருந்தால் அழிக்காமல் வையுங்கள், போனையே மாற்றாதீர்கள். ஆஸ்பத்திரிப் பில்லை அவர் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். வீட்டில் விறகு வெட்டிக் காயம் பட்டவனுக்கு மில் முதலாளி எதற்கு 85,000 கட்டினார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தப் பத்திரத்தையும் கையெழுத்துப் போடாமல் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா? அதில் அவரே விபத்து என்று எழுதியிருக்கிறார்.

ஒடிசா பையனை இப்போது நெருக்க வேண்டாம். அவனும் ஒரு தொழிலாளி, கொட்டகையிலிருந்து துரத்தினால் போக இடமில்லை. அவன் ஊர் முகவரியையும் ஆதார்ப் பேரையும் மட்டும் வாங்கி வையுங்கள், தேவைப்பட்டால் ஆணையர் சம்மன் அனுப்பிக் கூப்பிடலாம், சம்மன் வந்து சாட்சி சொன்னான் என்றால் முதலாளிக்கு அவன்மேல் அவ்வளவு கோபம் வராது. ஊர்க்காரர்களுக்கும் அதேதான்.

போலீசில் ஒரு புகார் எழுதிக்கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். தாமதமானதற்குக் காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் இழப்பீட்டு மனு நிற்கும், ஆனால் நடந்த கதை ஒரு அரசுக் காகிதத்தில் ஏறிவிடும். அப்புறம் முதலாளிக்கு ஒரு நோட்டீஸ், ஒப்புகை ரசீதோடு தபாலில். தேதி, இடம், காயம், கேட்கும் தொகை, அவ்வளவுதான், திட்டு வேண்டாம்.

மனுவை திருநெல்வேலியில் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் போடலாம். விபத்து நடந்த இடம், குடியிருக்கும் இடம் ரெண்டில் எதை வைத்தும் போடலாம், உங்களுக்கு ரெண்டும் ஒன்றுதான். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தொழிலாளி என்பதாலும் ஊனம் என்பதாலும் இலவச வக்கீல் கிடைக்கும், 15100 என்ற எண்ணில் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு கொடு என்று பேரம் பேசுகிற வக்கீல் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், சதவீதத்துக்கு வழக்கு எடுக்க வக்கீலுக்கு அனுமதி கிடையாது. எங்கள் தொழிலில் இப்படி ஆட்கள் இருப்பதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

கங்கைகொண்டான் ஷிப்ட்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஒரு சந்தேகம். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன், எங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ராத்திரி ஷிப்டுக்கு பைக்கில் வரும்போது பைபாஸில் விழுந்து கை ஒடிந்தது. வழியில் நடந்தது வேலை விபத்து ஆகாது என்று எச்.ஆர். சொல்கிறார். எங்களுக்கும் முதலாளி இந்த 1923 சட்டப்படி தர வேண்டுமா?

பாளை குமாஸ்தா:

இ.எஸ்.ஐ. இருந்தால் இ.எஸ்.ஐ. மட்டும்தான், அதே காயத்துக்கு முதலாளியிடம் இன்னொரு தடவை கேட்க முடியாது. ஆனால் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்த விபத்து, வேலையோடு நேரம், இடம், சூழ்நிலை பொருந்திவந்தால், வேலை விபத்துதான் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே சேர்த்தாயிற்று. உங்கள் எச்.ஆர். அதற்கு முன்னால் படித்தவர் போல. விபத்து அறிக்கையைக் கம்பெனி இ.எஸ்.ஐ. கிளைக்கு அனுப்ப வேண்டும், அனுப்பவில்லையென்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும், இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் இதே மாதிரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலை வாட்ச்மேன் ஒருத்தர் 2003-ல் விடியக்காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் பைக்கில் இறந்த வழக்கு. இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. இன்னொரு வண்டி வந்து இடித்த விபத்து என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆனால் அங்கே அல்லது இழப்பீட்டு ஆணையரிடம், ரெண்டில் ஒன்றுதான்.

சுத்தமல்லி சுடலை:

சரி, ஒத்துக்கிடுகிறேன், கணக்கு இவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன் அண்ணாச்சி. வலது கையில் ரெண்டு விரல் இல்லாதவன் ரம்பத்தில் நிற்க முடியுமா? அவனுக்கு அந்தத் தொழிலே போச்சு. 20 சதவீதம்தான் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

பாளை குமாஸ்தா:

நல்ல கேள்வி, இதைத்தான் வக்கீல் கேட்க வேண்டும். அட்டவணைச் சதவீதம் கைக்கு வந்தாகும், அதற்குக் கீழே இறங்க முடியாது. அதற்கு மேல் கேட்கலாம். ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல் போன வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் முழு முடக்கம் என்று உச்ச நீதிமன்றம் எழுபதுகளிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ரெண்டு விரலுக்கு நூறு சதவீதம் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் பத்து வருஷமாக இந்த ஒரே தொழில், வலது கை, பிடி போய்விட்டது, வேறு கைத்தொழில் தெரியாது என்று டாக்டர் சாட்சியோடு காட்டினால் 20-ஐத் தாண்டிக் கேட்பதில் தப்பில்லை. மனுவில் கூடுதலாகக் கேட்டு வையுங்கள், கேட்காததை யாரும் தரப்போவதில்லை.

முதலாளி அப்பீல் போவேன் என்று மிரட்டினால் போகட்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டுமென்றால் தீர்ப்பான தொகையை முதலில் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

முக்கூடல் தம்பி:

ஜிபேயில் நாலு வாரக் கூலி வந்தது இருக்கிறது அண்ணாச்சி, மில் பேரிலேயே. அத்தான் போனில் வாய்ஸும் கிடைத்தது, கூட்டை மாட்டாதே லோடு தாமதமாகுது என்று முதலாளி கத்துவது அதில் தெளிவாகக் கேட்கிறது. திங்கட்கிழமை அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கேஸ் ஷீட் கேட்கப் போகிறோம், அப்படியே பாளைக்கு வந்து சட்டப்பணிகள் ஆபீசிலும் பார்த்துவிடுவோம். கடைசியாக ஒரு சந்தேகம். அத்தானுக்கு ஆதாரில் பிறந்த வருஷம் 1986 என்று இருக்கிறது, பள்ளிக்கூட டி.சி.யில் 1985 ஜூன். எதை வைப்பது? அப்புறம், அவர் மேல் ஒரு குழுக் கடன் இருக்கிறது, பணம் வந்தால் அதை அவர்கள் பிடித்துக்கொள்வார்களா?

பாளை குமாஸ்தா:

அந்த வாய்ஸை இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள், ஒரிஜினல் போனைப் பத்திரமாக வையுங்கள், யாருக்கும் ஃபார்வர்டு செய்து ஊரெல்லாம் கேட்க வைக்காதீர்கள்.

டி.சி. தான் பலமான ஆதாரம், அதையே வையுங்கள். விபத்துக்கு முன் வந்த கடைசிப் பிறந்தநாளில் முடிந்த வயசைப் பார்ப்பார்கள், 1985 ஜூன் என்றால் 40 சரி. ஆதார்ப்படி 39 என்று வைத்தால் பெருக்கு எண் 186.90 ஆகி 4,914 ரூபாய் கூட வரும், அதற்காக ரெண்டு தேதியை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் மாட்ட வேண்டாம். கடனைப் பொறுத்தவரை, இழப்பீட்டுத் தொகையை எந்தக் கடன்காரனும் ஜப்தி செய்ய முடியாது, வேறொருத்தருக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது. குழுக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் அக்காவிடம் இதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வரும்போது டி.சி. ஒரிஜினல், ஆதார், டிஸ்சார்ஜ் காகிதம், ரேஷன் கார்டு, அந்தப் பத்திரத்தின் போட்டோ, ஜிபே ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் எல்லாம் ரெண்டு செட் எடுத்துக்கொண்டு வாருங்கள், மத்தியானத்துக்கு மேல் வந்தால் அன்றைக்குப் பார்ப்பது கஷ்டம்.